பிரேக்கிலிருந்து காலை எடுக்காதீங்க!

கார் சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் நிற்கிறவர்களுக்கு ஆண்டவன் மூன்று காது வைத்திருக்க வேண்டும்: கார் போடுகிற சத்தத்துக்கு ஒன்று, கார்க்காரர் போடுகிற சத்தத்துக்கு ஒன்று, மேனேஜர் போடுகிற சத்தத்துக்கு ஒன்று. எனக்கு இரண்டுதான் என்பதால் மேனேஜரை விட்டுவிடுகிறேன்.

புதுக்கோட்டையில், திருக்கோகர்ணம் பக்கம் ஒரு சர்வீஸ் சென்டரில் ஒன்பது வருடமாக எனக்கு சர்வீஸ் அட்வைசர் வேலை. அட்வைசர் என்று பெயர்தானே ஒழிய, அட்வைஸ் எல்லாம் வருகிறவர்கள்தான் எனக்குச் சொல்வார்கள். ஜவுளிக்கடையோ, பேங்க்கோ, தாலுகா ஆபீஸோ, கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற யாராக இருந்தாலும் இனி நான் சொல்லப்போவது உங்களுக்கும் நடந்திருக்கும். என்ன, உங்கள் கவுன்ட்டரில் ஏ.பி.எஸ். பிரேக் இருந்திருக்காது.

அது என்ன என்று கேட்பவர்களுக்கு: பழைய வண்டிகளில் அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் இறுகிவிடும். சக்கரம் நின்றாலும் வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். ஸ்டியரிங்கும் சொன்ன பேச்சு கேட்காது. ஏ.பி.எஸ். அப்படி இறுக விடாமல் நொடிக்குப் பல தடவை பிடித்துப் பிடித்து விடும். அதனால் பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதறும். உதறினால் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். நாம் செய்ய வேண்டியது, மிதித்த காலை எடுக்காமல் இருப்பது. இவ்வளவுதான் விஷயம். இதைப் புரியவைக்க நான் பட்ட பாடுதான் கீழே இருப்பதெல்லாம்.

எதிர்த்து மிதித்த பெடல்

சின்னத்தம்பி ஐயா வல்லத்திராக்கோட்டைக்காரர். முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு புதுக் கார் வாங்கினார். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் ஐந்தாவது படிக்கும் பேத்தி ஓவியாவைத் தினமும் காலையில் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் விடுவது அவர் பொறுப்பு. ஒரு நாள் அந்தப் புதுக் கார், முன் பம்பரில் கருவேல முள் செருகிய கோலத்தில் எங்கள் வாசலுக்கு வந்து நின்றது.

நடந்தது இதுதான். ரோட்டில் ஆடுகள் குறுக்கே வந்திருக்கின்றன. ஐயா ஓங்கி மிதித்திருக்கிறார். பெடல் உதறி, அடியில் கரகரவென்று சத்தம் வந்திருக்கிறது. ஏதோ உடைந்துவிட்டது என்று பதறிக் காலை எடுத்துவிட்டார். பிடி விட்ட வண்டி நேரே ஆடுகளைப் பார்த்துப் பாய, கடைசி நேரத்தில் ஸ்டியரிங்கை ஒடித்துக் கருவேலங்காட்டுக்குள் இறக்கியிருக்கிறார். ஆடுகளுக்கு ஒன்றும் இல்லை. பின்சீட்டில் இருந்த ஓவியாவுக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த தடவை எதிரில் வருவது ஆடாக இருக்கும், பக்கத்தில் கருவேலங்காடு இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்?

"ஐயா, பிரேக் நல்லா இருக்கு. உதறினாலும் நீங்க காலை எடுக்கக் கூடாது" என்று படம் போட்டே காட்டினேன். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "முப்பத்தஞ்சு வருசம் ஓட்டிருக்கேன். ஒரு வண்டியாவது என்னைய எதுத்து மிதிச்சிருக்குமா? பெடலை மாத்திக் குடும்மா!"

ஒட்டுப்பொட்டு வைத்தியம்

ஐயா வாரம் தவறாமல் வந்து பெடலை மாற்றச் சொல்லிக்கொண்டிருந்த அதே சமயம், ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் காரை சர்வீஸுக்குக் கொண்டுவந்தார்கள். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏ.பி.எஸ். லைட் சில நொடி எரிந்து அணைய வேண்டும். இந்த வண்டியில் எரியவே இல்லை. எரிய வேண்டிய இடத்தில் அரக்கு நிறத்தில் வட்டமாக என்னவோ இருந்தது. நகத்தால் சுரண்டினேன். ஒட்டுப்பொட்டு! அதற்கடியில் லைட் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா எதையும் மறைக்கவில்லை. "ரெண்டு மாசமா எரியுதுங்க. அதைப் பாத்துப் பாத்து இவுகளுக்கு பிரஷர் ஏறிப்போச்சு. பொட்டை ஒட்டினேன், மறுவாரமே பிரஷர் நார்மல்" என்றார். எங்கள் ஃபோர்மேன் பிரான்சிஸ் அண்ணன் வண்டியைத் தூக்கிப் பார்த்தார். பின்சக்கரத்துக்குள் இருந்து அதன் வேகத்தை ஏ.பி.எஸ்ஸுக்குச் சொல்கிற சென்சார் மேல் வயல் சேறு காய்ந்து கட்டி தட்டியிருந்தது. வாத்தியார் நாற்றுக்கட்டுகளை டிக்கியில் போட்டு வயல் வரைக்கும் காரிலேயே போயிருக்கிறார்.

சுத்தம் செய்ததும் லைட் தானாக அணைந்தது. "அந்த லைட் அணையாம எரிஞ்சா சாதா பிரேக் இருக்கும், அவசரத்துக்கு ஏ.பி.எஸ். வராதுங்கம்மா. இனிமே மூடி வைக்காதீங்க" என்று அம்மா கையில் பொட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பத்திரமாக டேஷ்போர்டின் ஓரத்தில் ஒட்டிவைத்தார். "இங்கிட்டே இருக்கட்டும்மா. வேற எந்த லைட்டாவது எரிஞ்சா வேணும்ல?"

உளுந்து ரோட்டில் ஒரு பரிசோதனை

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த செந்தில் என்பவர் கவுன்ட்டரைத் தட்டினார். "பிரேக் பிடிக்கவே இல்ல மேடம். அங்க இதே மாடல்தான் ஓட்டுறேன், மிதிச்ச இடத்துல நிக்கும். நம்ம ஊருக்குன்னா மட்டமான பிரேக் வச்சு அனுப்புறாங்களா?" காரை எடுத்து எங்கள் தெருவில் மூன்று தடவை மிதித்துப் பார்த்தேன். மூன்று தடவையும் சொன்னபடி நின்றது. "இங்க நிக்கும். எங்க ஊர் ரோட்டுலதான் நிக்காது, வந்து பாருங்க" என்றார். போனோம்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் விஷயம் புரிந்துவிட்டது. தார் ரோட்டின் முழு அகலத்துக்கும் அறுத்த உளுந்துச் செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். போகிற வருகிற வண்டி ஏறி மிதித்துக் காயை உடைத்துக் கொடுத்துவிடும், அடிக்கிற கூலி மிச்சம். நம் மாவட்டத்தில் இது யாருக்கும் புதிதில்லை. ஆனால் ஏ.பி.எஸ்ஸுக்குப் புதிது. உருளுகிற காய்மேல் சக்கரத்துக்குப் பிடிமானம் எங்கே இருக்கும்? பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டே போகும், நிற்க அதிக தூரம் எடுக்கும். "இந்த மாதிரி எடத்துல பிரேக்கை நம்பக் கூடாது சார், வேகத்தைத்தான் குறைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே மிதித்தும் காட்டினேன். வண்டி தடதடவென்று உதறிக்கொண்டு இஷ்டத்துக்குப் போய் நின்றது. இரண்டு பக்கமும் உளுந்து மத்தாப்பாய்ச் சிதறியது.

வேப்பமரத்து நிழலிலிருந்து ஒரு அம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தார். அடி எனக்குத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே செந்தில் பக்கத்து ஜன்னலுக்குப் போனார். உளுந்து அவருடையது. செந்தில் அவர் பெற்ற பிள்ளை. "ஏன்டா, காலையிலேருந்து நாலு நடை போய்ட்டு வாடான்னு சொன்னது ஓட்டுறதுக்கா, நிறுத்துறதுக்கா?"

அறிவில்லாத டப்பா

இதற்குள் சின்னத்தம்பி ஐயா ஆறாவது தடவையாக வந்துவிட்டார். வாயால் சொல்லிப் பிரயோஜனமில்லை, செய்துதான் காட்ட வேண்டும் என்றார் பிரான்சிஸ் அண்ணன். வொர்க்‌ஷாப்புக்குப் பின்னால் நீளமாக ஒரு காலி இடம் இருக்கிறது. தண்ணீர் அடித்து வழுக்கலாக்கினோம். கோடியில் ஒரு பெரிய அட்டை டப்பாவை நிறுத்தினோம். "ஐயா, அதுதான் ஆடு. நான் கையக் காட்டின ஒடனே ஓங்கி மிதிங்க, மிதிச்ச காலை எடுக்காதீங்க" என்றேன்.

ஐயா சட்டை காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, பஸ் எடுக்கிற தோரணையில் எடுத்தார். நான் கையைக் காட்டினேன். மிதித்தார், விட்டார், மிதித்தார், விட்டார். வழுக்கல் ரோட்டில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து டிரைவர்களின் பாடம். சக்கரம் இறுகுகிற வண்டிக்கு அது சரியான பாடமும்கூட. அந்த வேலையை இப்போது வண்டியே செய்கிறது என்பதுதான் அவருக்கு ஏறவில்லை. டப்பா சப்பையானது. இரண்டாவது டப்பாவும் சப்பையானது. மூன்றாவது டப்பாவுக்கு ஹாரன் வேறு அடித்தார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு அட்டையைப் பொறுக்கினேன். ஐயா இறங்கி வந்து மூன்று டப்பாவையும் ஒரு பார்வை பார்த்தார். முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. "டப்பாவுக்கு அறிவு இல்லம்மா. மனுசனா இருந்தா ஹாரனுக்கு ஒதுங்கியிருப்பான்ல?"

மயிலும் மேடமும்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பிரான்சிஸ் அண்ணன் ஊரெல்லாம் சொல்லிவிட்டதால் நானே சொல்லிவிடுவது மரியாதை. சர்வீஸ் முடிந்த ஒரு காரை ஓட்டிப் பார்க்க அன்னவாசல் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். நான் ஓட்டுகிறேன், அண்ணன் பக்கத்தில். நான் சின்னத்தம்பி ஐயாவின் பிடிவாதத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். "ஒரு காலை அப்படியே வச்சிருக்க முடியாதா ஒரு மனுசனால?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள், ஒரு மதில் மேலிருந்து மயில் ஒன்று நட்டநடு ரோட்டில் குதித்தது.

மிதித்தேன். பெடல் உதறியது. ஒன்பது வருடமாக ஆயிரம் பேருக்குப் படம் போட்டு விளக்கிய நான், கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஐயோ" என்று காலைத் தூக்கிவிட்டேன். மயில் பறந்து பிழைத்துக்கொண்டது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் போய் நின்றது. கண்ணைத் திறந்தபோது என் இரண்டு காலும் சீட்டுக்கு மேலே இருந்தன. மூளைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் வெட்கமாக இருந்தது. அண்ணன் சீட் பெல்ட்டை நிதானமாகக் கழற்றினார். "நம்ம கவுன்ட்டர்ல ஒரு மேடம் இருக்காங்க, காலை எடுக்காதீங்கன்னு பிரமாதமா கிளாஸ் எடுப்பாங்க. ஒரு தடவை அவங்களைப் போய்ப் பாருங்களேன்."

ஒத்தை விசில், ரெட்டை விசில்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐயா ஓவியாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். வேறு வழியில்லாமல் மயில் கதையை ஒளிக்காமல் சொன்னேன். சிரித்தார் பாருங்கள், துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சிரித்து முடித்ததும் குரல் இறங்கியது. "அன்னைக்கு ஆடு வந்தப்ப புள்ள தாத்தான்னு கத்துனா ஆத்தா. பிரேக் பைப்பு அத்துப்போச்சுன்னு நெனச்சுட்டேன். அன்னையிலேருந்து இருபதுக்கு மேல போறதே இல்ல. சைக்கிள்காரன் திரும்பிப் பாத்துட்டுப் போறான்." வீம்பு என்று நினைத்து இத்தனை நாளாக நான் திட்டித் தீர்த்தது ஒரு மனிதனின் பயத்தை. அவர் பெடலை மாற்றச் சொன்னதெல்லாம், பேத்தியைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி.

"பயம் இருக்கட்டும் ஐயா, பழக்கத்தை என்ன செய்யிறது?" என்றேன். பிரான்சிஸ் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஏங்க ஐயா, பஸ்ஸுல கண்டக்டர் ஒத்தை விசில் குடுத்தா?" "நிறுத்துவேன்." "பெறகு எப்ப எடுப்பீங்க?" "ரெட்டை விசில் வந்தாத்தான். முப்பத்தஞ்சு வருசத்துல ரெட்டை விசில் வராம வண்டி நகண்டதில்ல." சொல்லிவிட்டு ஐயா நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஓவியாவைப் பார்த்தார். கால் மணி நேரத்தில் பக்கத்துக் கடையிலிருந்து விசில் வந்துவிட்டது. ஓவியா பின்சீட்டில் கண்டக்டர்.

தண்ணீர் அடித்தோம், டப்பா வைத்தோம். பீப் என்று ஒத்தை விசில். ஐயா மிதித்தார். பெடல் உதறியது, கரகரத்தது, ஐயாவின் தாடை இறுகியது, கால் அசையவில்லை. ரெட்டை விசில் வரவில்லையே, எப்படி எடுப்பார்? டப்பாவுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. அடுத்து, மிதித்த கால் மிதித்தபடியே இருக்க ஸ்டியரிங்கைத் திருப்பி டப்பாவைச் சுற்றிப் போகச் சொன்னோம். அதையும் செய்தார். பழைய வண்டியில் இது நடக்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் இறங்கிப் போய்ச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். ஓவியாதான் ஒவ்வொரு தடவையும் ரெட்டை விசில் கொடுக்க வேண்டுமென்றே தாமதித்தாள். ஐயா காலை அமுக்கியபடி காத்திருப்பார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால் பதில் தயாராக வைத்திருந்தாள். "டிக்கெட் எடுக்காதவங்க யாரும் இருக்காங்களான்னு பாத்துட்டுத்தான் ரைட் குடுப்பேன் தாத்தா!"

மழை விட்ட காலை

நாலைந்து ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போயிற்று. ஐயா இருபதிலிருந்து நாற்பதுக்கு வந்தார். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் உதறல் போகவில்லை. டப்பாவுக்கு முன்னால் எல்லோரும் வீரர்கள்தான். நானும்தான், மயில் குதிக்கிற வரைக்கும். நிஜமாகவே ஒன்று குறுக்கே வந்தால், பின்சீட்டில் பிள்ளை கத்தினால், அந்தக் கால் என்ன செய்யும் என்பது அந்தக் காலுக்கே தெரியாது.

மழை பெய்து விட்டிருந்த ஒரு காலை, ஒன்பது மணி இருக்கும். கையில் ஒரு வடையோடு கவுன்ட்டரில் நின்றேன். போன் அடித்தது. ஐயா நம்பர். எடுத்தால் காது கிழிகிற ஹாரன் சத்தம், ஒரு பஸ், இரண்டு லாரி, எண்ணற்ற பைக். வடையைப் பாதியில் நிறுத்தினேன். ஓவியாதான் பேசினாள். "அக்கா, எங்களுக்கு முன்னாடி போன ஸ்கூல் ஆட்டோ திடீர்னு திரும்பிருச்சு. தாத்தா மிதிச்சாரு. கார் தடதடதடன்னு உதறுச்சு. நான் கத்துனேன். தாத்தா கத்தவே இல்ல. அப்படியே ஸ்டியரிங்கத் திருப்பிட்டாரு. ஆட்டோ பக்கத்துல போய் நின்னுட்டோம், கைய நீட்டினா தொடலாம். உள்ள பத்துப் பேர் இருக்காங்கக்கா, எல்லாரும் எனக்கு டாட்டா காட்டுறாங்க!"

"ஆளுக்கு ஒண்ணும் இல்லையே? தாத்தா எங்க? ஏன் இன்னும் வண்டியை எடுக்கலை?" என்று கத்தினேன். கவுன்ட்டரில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். போன் கை மாறியது. ஐயாவின் குரல், அவ்வளவு மெல்லிய குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. "ஆத்தா, வண்டி நின்னுருச்சு. புள்ளைகளுக்கு ஒண்ணும் இல்ல. கிளாஸுல ஊதுனான்னு நேத்து இவ விசிலை டீச்சரு வாங்கி வச்சுட்டாக, இங்கிட்டு ரைட் குடுக்க ஆளில்ல. இப்பக் காலை எடுக்கலாமா?"

எங்கேயோ பெரிய பெரிய இன்ஜினியர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த பிரேக்குக்கு, கடைசியில் அழுத கண்ணும் பாதி வடையுமாக நின்று "ரைட், ரைட், போலாம்" என்று போனில் உத்தரவு கொடுத்தது நான்தான்.